வாசல்படி எத்தனை மிச்சம்? வேங்கிக்கால் வீடுகளும் வளர்ந்துகொண்டே போகும் தார்ச் சாலையும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே போனால், நகரத்தின் நெரிசல் குறையத் தொடங்கும் இடத்தில் வேங்கிக்கால் வந்துவிடும். கலெக்டர் அலுவலகம், ஏரி, சாலையோர டீக்கடைகள், அடுத்தடுத்து பெயர்ப்பலகை வைத்த நகர்கள். எந்தத் தெருவில் நின்று திரும்பினாலும் தென்மேற்கே அண்ணாமலை தெரியும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். இங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் மலையோடு சேர்த்து இன்னொன்றையும் பார்ப்பார்கள். அது வாசல்படி. வீடு கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு, இருபது இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு படிதான் மிச்சம் இருக்கும். அதைவிடப் பழைய வீடாக இருந்தால் ஏறுவதற்குப் படியே இருக்காது. கேட்டைத் திறந்து உள்ளே இறங்க வேண்டும். வீடு புதையவில்லை. தெருதான் வளர்ந்துவிட்டது.

வயல் தெருவான கதை

1989 செப்டம்பர் 30 அன்று பழைய வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரமானது. கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. அலுவலகம் இருக்கும் இடத்தைச் சுற்றி ஊழியர்கள் வீடு தேடுவதும், ஓய்வு பெற்றவர்கள் மனை வாங்குவதும் எங்கும் நடப்பதுதான். நிலங்கள் மனைகளாகின. மனைகளுக்கு நடுவே தெருக்கள் வந்தன. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் ஒரு புறநகர்த் தெரு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வளரும். முதலில் மண் பாதை. அப்புறம் செம்மண் கிராவல். அதன் மேல் ஜல்லி. கடைசியில் தார். தார் வந்த நாளில் தெருவே வெளியில் வந்து நின்று வேடிக்கை பார்க்கும். அந்த நாளில் இன்னொரு வழக்கமும் உண்டு. “அண்ணே, மிச்சக் கலவையைக் கொஞ்சம் எங்க கேட் வரைக்கும் இழுத்து விடுங்க” என்று வேலைக்காரர்களிடம் கேட்பது. அவர்களும் இரண்டு சட்டி கொட்டி, சமன் செய்து, ரோலரை ஒரு முறை ஓட்டிவிட்டுப் போவார்கள். கார் ஏறி இறங்க அழகாக ஒரு கறுப்புப் பாதை கிடைத்துவிடும்.

அடுத்த மழைக்காலத்தில் தெருவின் நடுப்பகுதி தாக்குப்பிடிக்கும். கேட்டுக்கு முன்னால் போட்ட அந்தத் துண்டு மட்டும் பெயர்ந்து வரும். காரணம் எளிது. தெருவுக்கு அடியில் இறுக்கிய ஜல்லி இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் இருப்பது வெறும் மண். தார் என்பது போர்வை மாதிரிதான். பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் கட்டில்.

அக்னித் தலத்தின் வெயில்

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. சித்திரை, வைகாசியில் மதிய நேரம் செருப்பில்லாமல் கிரிவலம் போகிறவர்களிடம் அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சுமார் 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையின் சூடு பாதத்துக்குத் தெரியும்.

நாம் தார் என்று சொல்வது உண்மையில் பிட்டுமென். நிலக்கரியிலிருந்து எடுப்பதுதான் சரியான பொருளில் தார். பிட்டுமென் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்குவது. இந்தியாவில் அதைக் கெட்டித்தன்மையை வைத்து விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்று தரம் பிரிக்கிறார்கள். தொடர்ந்து ஏழு நாள் சராசரி அதிகபட்ச வெப்பம் 38 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை போகும் இடங்களுக்கு விஜி-30 ஏற்றது என்பது இந்தியத் தரநிலை. திருவண்ணாமலையின் கோடைக்கு அதுதான் பொருந்தும்.

அந்த விஜி-30 இளகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 47 டிகிரி. காற்று 40 டிகிரியில் இருக்கும் மதியத்தில் வெயிலில் காயும் கறுப்புத் தரை 60 டிகிரியைத் தாண்டிவிடும். சாலையில் இருப்பது பெரும்பாலும் கல்தான். ஜல்லிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நிற்பதால் தார் இளகினாலும் சாலை ஓடிவிடுவதில்லை. ஆனால் ஒரே புள்ளியில் விழும் பாரத்தை அதனால் தாங்க முடியாது. கோடையில் பைக்கின் சைடு ஸ்டாண்டு தாரில் குழி பறிப்பதும், நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்ற காரின் டயர் தடம் பதிவதும் இதனால்தான். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் அந்த இளகிய பரப்பை மாவு பிசைவதுபோலப் பிசைந்துவிடும்.

வெயில் செய்யும் பெரிய கெடுதல் கண்ணுக்கு உடனே தெரியாது. வருடக்கணக்கில் சூடும் காற்றும் பட்டு, தாரில் இருக்கும் எண்ணெய்ப் பசை குறைந்துகொண்டே போகும். பளபளப்பான கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். வளைந்து கொடுத்த பரப்பு விறைத்துப்போகும். விறைத்தது வெடிக்கும். முதலில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அதுவரை வெயிலின் வேலை. அதற்குப் பிறகு வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்.

‘கால்’ என்றால் நீர்வழி

தமிழில் ‘கால்’ என்ற சொல்லுக்கு வாய்க்கால் என்றும் ஒரு பொருள் உண்டு. வேங்கிக்காலில் மழைக்காலம் அந்தப் பொருளை ஞாபகப்படுத்தும். கனமழை பெய்யும் வருடங்களில் ஏரி நிரம்பி, உபரி நீர் வேலூர் சாலைப் பக்கம் வந்துவிடும். ஏரியை ஒட்டி வீடுகளும் கடைகளும் வந்துவிட்ட பிறகு தண்ணீர் தன் பழைய வழியைத் தேடும்போது குறுக்கே நிற்பது தெருக்கள்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு கொட்டிய மழையை இந்த ஊர் லேசில் மறக்காது. மறுநாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மலையடிவார ஊரில் தண்ணீருக்கு வழிவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த நாள் சொன்னது.

தார்ச் சாலையில் தண்ணீர் செய்யும் வேலை சின்ன அளவில் நடக்கும். கீறல் வழியாக உள்ளே இறங்கும் நீர், கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரிக்கும். கருங்கல் ஜல்லி போன்ற சில கல் வகைகளுக்குத் தாரைவிடத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். அதனால் நீர் பட்டதும் தாரை உதறிவிடும். அடியில் இருக்கும் மண் ஊறி இளகும். மேலே வண்டி ஏறும்போது பரப்பு அமுங்கும். சக்கரம் போனதும் நீர் சேறோடு பீறிட்டு வெளியே வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் கூடவே வந்துவிடும். நான்கு நாளில் குழி.

குழி மழையில் பிறக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அது கருக்கொள்வது கோடையில், அந்த முதல் கீறலில். ஆகவே கேட்டுக்கு முன்னால் தார்ப் பாதை வைத்திருப்பவர்களுக்குப் பராமரிப்பு மாதங்கள் தை முதல் வைகாசி வரைதான்.

தீபத்துக்கு முன்னால் ஓர் அவசரம்

இந்த ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றும் நாளில் பல லட்சம் பேர் வருவார்கள். நகரின் எல்லைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும். வேலூர் சாலையில் வண்டிகள் வரிசைகட்டும். பக்கத்துத் தெருக்களிலும் காலி இடம் கண்டால் கார் நிற்கும். அதற்குள் தெருவும் வாசலும் சீராக வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

தீபம் வருவதோ நவம்பர், டிசம்பரில். அது வடகிழக்குப் பருவமழை அடிக்கும் நேரம். ஈரக் குழியில் சூடான கலவையைக் கொட்டினால் அடியில் இருக்கும் ஈரம் ஆவியாகி, ஒட்டாமல் செய்துவிடும். பார்வைக்குக் கறுப்பாக, புதிதாக இருக்கும்; பொங்கல் வரை தாங்காது. மழைக்காலத்தில் தவிர்க்க முடியாமல் குழி அடைக்க வேண்டுமென்றால் எமல்ஷன் கலந்த குளிர் கலவைதான் நல்லது. எமல்ஷன் என்பது தாரை மிக நுண்ணிய துளிகளாக்கித் தண்ணீரில் கலந்தது. சூடு தேவையில்லை, ஓரளவு ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீரில் அதுவும் நிற்காது.

ஒரு படி எப்படிக் காணாமல் போகிறது?

வாசல்படிக் கணக்கைக் கையில் பென்சில் இல்லாமலே போடலாம். தெருவில் ஒரு முறை தார் போட்டால் சுமார் 3 சென்டிமீட்டர் கனம் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். பழையதைச் சுரண்டாமல் ஐந்து முறை அதன் மேலேயே போட்டால் 15 சென்டிமீட்டர். அது ஒரு வாசல்படியின் உயரம்.

படி குறைந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? கேட்டுக்கு முன்னால் சாய்தளத்தை உயர்த்துவார். அவர் வாசலில் நின்ற தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். தெருவின் கடைசியில் உயர்த்தப் பணம் இல்லாத ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது பென்ஷனில் வாழும் வயதானவர் வீடாகவோ, வாடகைக்கு விட்ட சின்ன வீடாகவோ இருக்கும். தெருவின் தண்ணீர் முழுக்க அங்கே போய் நிற்கும். ஜாக்கிகள் வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்கும் வேலை இன்று தமிழ்நாட்டில் ஒரு தொழிலாகவே நடக்கிறது என்றால், அதற்கு இந்த உயர்த்தும் போட்டியும் ஒரு காரணம்.

இதற்கு அரசின் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், சாலையின் உயரம் கூடி வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். இந்தச் சுரண்டும் வேலைக்கு மில்லிங் என்று பெயர். தெருவில் தார் டிப்பர் வந்து நிற்கும்போது குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘கேட் வரைக்கும் இழுத்து விடுவீங்களா?’ என்பதாக இருக்கக் கூடாது. ‘மில்லிங் பண்ணிட்டீங்களா?’ என்பதாக இருக்க வேண்டும். ஒரு வீடு கேட்டால் கோரிக்கை. பத்து வீடு சேர்ந்து வேலை தொடங்கும் முன்பே மனு கொடுத்தால் அதற்கு எடை கூடும்.

வாசலைக் காப்பாற்றும் வழிகள்

* சாய்வு: தண்ணீர் நிற்காமல் ஓட, தார்ப் பரப்புக்கு ஒரு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு போதும். சரிவு வீட்டிலிருந்து வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலே எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

* கீறல்: கோடையில் ஒரு நாள் குனிந்து பாருங்கள். தலைமுடி அளவுக் கீறலுக்கு எமல்ஷன் பூச்சு போதும். அதைவிட அகலமாக இருந்தால், தூசியையும் புல் வேரையும் சுத்தமாக எடுத்துவிட்டு, எமல்ஷனோடு கல்தூள் கலந்து அடைக்க வேண்டும். முதலைத் தோல் மாதிரிக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் மேல்பூச்சு வீண்செலவு. அடித்தளம் போய்விட்டது என்று அர்த்தம். தோண்டி, ஜல்லி போட்டு இறுக்கித்தான் ஆக வேண்டும்.

* குழி: வட்டக் குழியில் அப்படியே கலவையைக் கொட்டக் கூடாது. ஓரங்களைச் செங்குத்தாக, சதுரமாக வெட்டி, தளர்ந்ததை எல்லாம் வாரி, உலரவிட வேண்டும். பிறகு எமல்ஷன் தெளிக்க வேண்டும். தெளித்தபோது பழுப்பு நிறத்தில் இருப்பது கறுப்பாக மாறும் வரை பொறுக்க வேண்டும். கறுத்தால்தான் தண்ணீர் பிரிந்து தார் ஒட்டத் தயார். கலவையை 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும்.

* எண்ணெய்: சொட்டும் டீசலும் என்ஜின் ஆயிலும் தாரைக் கரைக்கும். கசிவு கண்டால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

* சைடு ஸ்டாண்டு: ஒரு தட்டைக் கல் அல்லது பலகைத் துண்டு போதும்.

* தினமும் விழும் தண்ணீர்: வாசல் தெளித்துக் கோலம் போடுவதால் நல்ல தரைக்கு ஒன்றும் ஆகாது. தொட்டி நிரம்பி வழிவது, ஏ.சி. சொட்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவு நீர் ஆகியவை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் விழுவதுதான் கெடுக்கும். ஒரு குழாய் போட்டுத் திருப்பிவிடுங்கள்.

* வடிகால் மேல் மூடி: சாய்தளத்துக்காக வடிகாலைக் கான்கிரீட் கொட்டி அடைப்பதுதான் பல தெருக்களின் வெள்ளத்துக்கு ஆரம்பம். கழற்றி எடுக்கும்படியான சிமென்ட் பலகைகளைப் போட்டால் தூர்வார முடியும்.

புதிதாகப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். ஒரு வீட்டு வாசலுக்காகத் தரமான சூடான கலவை கொண்டுவருவது கட்டுப்படியாகாது. அதனால்தான் நம் ஊரில் பேவர் பிளாக் அதிகம். அடியில் ஜல்லியும் மணலும் சரியாகப் போட்டிருந்தால், ஒரு இடம் இறங்கினாலும் நான்கு கல்லைப் பெயர்த்துச் சமன் செய்து திரும்பப் பதித்துவிடலாம். தெரு உயர்ந்தாலும் அதே கல்லை மறுபடி பயன்படுத்தலாம்.

டொரான்டோவிலும் இதே கவலை

கனடாவின் டொரான்டோவில் குடியேறிய ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு ‘டிரைவ்வே’ அன்றாடச் சொல். வீட்டுக்கு முன்னால் கார் நிற்கும் தார்ப் பாதை அது. அங்கே எதிரி பனி. கீறலுக்குள் போன தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிந்து, பரப்பை உள்ளிருந்து பிளக்கும். வெயில் வந்ததும் உருகி, இன்னும் ஆழமாக இறங்கி, மறுபடி உறையும். அதனால் குளிர் முடிந்து தரை காய்ந்ததும் கீறலை அடைத்துப் பூச்சு கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அங்கே பனிக்கு முன், இங்கே பருவமழைக்கு முன். தண்ணீரை உள்ளே விடாதே என்பதுதான் இரண்டு ஊரிலும் பாடம்.

அந்தப் பாடத்துக்கு மதுரையிலிருந்து ஒரு நல்ல விடை வந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய கழிவு பிளாஸ்டிக்கைத் தூவினார். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய உறையாகப் படிந்தது. அதன் பிறகு தார் சேர்த்தார். உறை போட்ட கல்லுக்குள் தண்ணீர் புகுவது கடினம். தாரும் விடாமல் பிடிக்கும். 2002-ல் கல்லூரி வளாகத்தில் சாலை போட்டுக் காட்டினார். 2015-ல் மத்திய அரசு, பெரிய நகரங்களை ஒட்டிய சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. வெப்பக் கட்டுப்பாடு உள்ள ஆலையில் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பார்ப்பது நச்சுப் புகையில் முடியும்.

கோலம் கலையாத வாசல்

மார்கழியில் வேங்கிக்கால் தெருக்களில் அதிகாலையில் நடந்தால், கறுப்புத் தாரின் மேல் வெள்ளைக் கோலங்கள் பளிச்சென்று தெரியும். பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். எந்த வாசலில் தண்ணீர் நின்றது, எங்கே தரை அமுங்கியது, எந்த வீட்டில் படி குறைந்தது என்பதெல்லாம் ஈரத்தின் தடமாக அப்படியே இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தத் தடங்களையும் ஒரு சாக்பீஸால் குறித்து வைக்கலாம். தை பிறந்து தரை காய்ந்ததும் அந்தக் குறிகளில் இருந்து வேலையைத் தொடங்கினால், அடுத்த தீபம் வருவதற்குள் வாசல் தயாராகிவிடும். கூடவே, படியின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, தேதி போட்டு, கேட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை தார் டிப்பர் தெருவுக்குள் நுழையும்போது பேசுவதற்கு அந்த எண் உதவும்.